வன்னியின் ஆறு ஆசனங்கள்: வாசகர் கேள்வி பதில்

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை இலங்கை நாடாளுமன்றத் தேர்தல். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த வாக்குச்சீட்டு கைக்கு வருகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புள்ளடி (X) போடும் முறை பற்றியும், வாக்குச் சிதறினால் ஆசனம் எங்கே போகும் என்பது பற்றியும் கேட்பவை. அவற்றுக்கே இந்த இதழில் கூடுதல் இடம். யாருக்குப் போடுவது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

செப்டெம்பரில் 1, 2, 3 என்று எழுதினோம். இப்போதும் அப்படித்தானா?
*செட்டிகுளம் வாசகி*

இல்லை. இந்த முறை எண் எழுதும் வேலையே கிடையாது, எல்லாம் புள்ளடிதான். முதலில் கட்சியின் பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரே உள்ள பெட்டிக்குள் ஒரே ஒரு புள்ளடி. அதன் பிறகு சீட்டின் அடிப்பகுதிக்கு வாருங்கள். அங்கே வேட்பாளர்களின் எண்கள் மட்டும் இருக்கும், பெயர்கள் இல்லை. வன்னிக்கு 1 முதல் 9 வரை: ஆசனம் ஆறு, ஒவ்வொரு பட்டியலிலும் அதைவிட மூன்று பேர் கூட. நீங்கள் புள்ளடி போட்ட கட்சியின் பட்டியலில் உங்களுக்கு விருப்பமானவரின் எண்ணுக்குரிய கட்டத்தில் புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு. ஒருவருக்கும் போடலாம், மூவருக்கும் போடலாம், போடாமலும் விடலாம். மூவருக்குப் போட்டால் மூன்றும் சம மதிப்பு. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்ற பேச்சு இங்கே இல்லை.

பிழை விடும் இடங்கள் இவை. கட்சிப் பெட்டியை வெறுமையாக விட்டு எண்ணில் மட்டும் புள்ளடி போட்டால் முழுச் சீட்டும் நிராகரிக்கப்படும். எல்லாப் பட்டியலிலும் 5 ஆம் எண் இருக்கிறதே, நீங்கள் நினைத்த 5 யார் என்று எண்ணுபவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு கட்சிக்குப் போட்டாலும் நிராகரிப்பு. கையொப்பம், பெயர் என்று உங்களை அடையாளம் காட்டும் எதை எழுதினாலும் நிராகரிப்பு. நான்கு எண்களுக்குப் புள்ளடி விழுந்தால் மட்டும் சேதம் பாதிதான்: கட்சிக்குரிய வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும்.

2020 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 7 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. கடந்த ஜனாதிபதித் தேர்தலில் அது 3 லட்சத்தளவு. இந்தச் சீட்டு எவ்வளவு சிக்கலானது என்பதை அந்த வித்தியாசமே சொல்லும்.

இன்னொன்று. வேட்பாளரின் எண் பெயர் வரிசையில் விழுவது, கட்சி கொடுக்கும் தரவரிசை அல்ல. 1 ஆம் எண்காரர்தான் தலைவர் என்று எண்ண வேண்டாம். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். கட்சித் துண்டுப்பிரசுரத்தைக் கையில் பிடித்தபடி வாக்களிப்பு நிலையத்துக்குள் போகாதீர்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் சங்குக்குப் போட்டேன். இப்போது சங்குக்குப் போட்டால் அதே பொது வேட்பாளருக்குத்தான் போகுமா?
*முள்ளியவளை*

போகாது. செப்டெம்பரில் சங்கு, தமிழ்ப் பொது வேட்பாளராக, சுயேச்சையாக நின்ற பா. அரியநேத்திரனின் சின்னம். இந்தத் தேர்தலில் அது ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னம். ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகிய கட்சிகள் உள்ள இந்தக் கூட்டணி முன்பு குத்துவிளக்கை வைத்திருந்தது.

இதே மாதிரி இடம் மாறிய இன்னொரு சின்னம் எரிவாயு சிலிண்டர். செப்டெம்பரில் சுயேச்சையாக நின்ற ரணில் விக்கிரமசிங்கவுக்கு இருந்தது, இப்போது புதிய ஜனநாயக முன்னணிக்கு. அவர் இந்தத் தேர்தலில் வேட்பாளர் இல்லை. ஒரு தனி மனிதரை நினைத்துப் போட்ட சின்னத்துக்குப் பின்னால் இப்போது ஒன்பது பேர் கொண்ட பட்டியல் நிற்கிறது. அந்த ஒன்பது பேர் யார் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மற்றவை பழையபடி: இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு வீடு, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியினர் நிற்கும் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு சைக்கிள், ஈ.பி.டி.பி.க்கு வீணை, தேசிய மக்கள் சக்திக்குத் திசைகாட்டி, ஐக்கிய மக்கள் சக்திக்குத் தொலைபேசி, பொதுஜன பெரமுனவுக்கு மொட்டு.

'வாக்குச் சிதறினால் ஆசனம் குறையும்' என்கிறார்கள். மொத்த வாக்கு அதேதானே? எப்படிக் குறையும்? கணக்கோடு சொல்ல முடியுமா?
*ஓர் ஆசிரியர், மாங்குளம்*

முடியும். 2020 இல் வன்னியில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 69,916 வாக்கு. மொட்டு 42,524. தொலைபேசி 37,883. வீணை 11,310. ஆசனங்கள் முறையே 3, 1, 1, 1.

முதல் படி, வெட்டுப்புள்ளி. மாவட்டத்தில் விழுந்த செல்லுபடியான வாக்கில் 5 சதவீதம் எடுக்காத பட்டியல்கள் கழிக்கப்படும். அன்று செல்லுபடியானவை 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம், அதில் 5 சதவீதம் 10,400 அளவு. மேலே சொன்ன நான்கும் தப்பின. மற்ற எல்லாருக்கும் விழுந்த சுமார் 46 ஆயிரம் வாக்குகள் மாவட்ட ஆசனக் கணக்குக்கே வரவில்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவே வாக்களிக்காமல் வீட்டில் இருந்ததற்குச் சமம்.

இரண்டாவது, போனஸ். மாவட்டத்தில் அதிக வாக்கெடுத்த பட்டியலுக்கு ஓர் ஆசனம் சும்மா கிடைக்கும். அது வீட்டுக்குப் போனது. மிச்சம் ஐந்து.

மூன்றாவது, பங்கீடு. நான்கு பட்டியல்களின் கூட்டுத்தொகை 161,633. அதை ஐந்தால் வகுத்து, மீதி வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும்: 32,327. ஓர் ஆசனத்தின் 'விலை' இதுதான். வீட்டுக்கு இதில் இரண்டு, மொட்டுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. வீணைக்கு இல்லை. நான்கு ஆசனம் போய், இன்னும் ஒன்று நிற்கிறது.

நான்காவது, மீதி. அந்தக் கடைசி ஆசனம், மிஞ்சிய வாக்கு யாரிடம் அதிகமோ அவருக்கு. வீட்டிடம் மிஞ்சியது 5,262. தொலைபேசியிடம் 5,556. மொட்டிடம் 10,197. வீணையின் 11,310 அப்படியே மிச்சம். ஆகவே ஆறாவது ஆசனம் வீணைக்கு. மொட்டுக்கும் வீணைக்கும் இடைவெளி 1,113 வாக்குகள்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். வீணைக்கு ஓர் ஆயிரம் வாக்குக் குறைந்து 5 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், அந்த ஆசனம் வீட்டுக்கு வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வந்திராது. வகுத்துப் பாருங்கள்: விலை 30,065 ஆக இறங்கும், வீட்டிடம் மிஞ்சுவது 9,786, மொட்டிடம் 12,459. மொட்டுக்கு இரண்டாவது ஆசனம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 2020 இல் வீட்டுக்குள் ஒன்றாக நின்றவர்கள் இம்முறை வீடு, சங்கு என்று இரண்டு. அதே 69,916 வாக்கு 40,000, 29,916 என்று பிரிகிறது, மற்ற எல்லாம் அன்று போலவே என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். விலை மாறாது, 32,327. ஆனால் முதலிடம் இப்போது மொட்டுக்கு, போனசும் அதற்கு. வீட்டுக்கு ஒன்று, மொட்டுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. மிச்சம் இரண்டு ஆசனம். பெரிய மீதி சங்கின் 29,916, அடுத்தது வீணையின் 11,310. முடிவு: வீடு 1, சங்கு 1, மொட்டு 2, தொலைபேசி 1, வீணை 1. ஒன்றாக நின்றபோது மூன்று, பிரிந்தபோது இரண்டு. ஒரு வாக்கும் குறையவில்லை. போனது போனஸ் மட்டும்.

பிரிவதால் வரும் நட்டம் பெரும்பாலும் இந்தப் போனசில்தான் இருக்கிறது. முழு விலை கட்ட முடியாத பட்டியல்கூட மீதிக் கணக்கில் ஆசனம் எடுத்துவிடும். அதனால்தான் 'பிரிந்தால் ஒன்றும் கிடையாது' என்ற மேடைப் பேச்சும் தவறு, 'பிரிந்தாலும் ஒன்றுதான்' என்ற பேச்சும் தவறு. இம்முறை தெற்குக் கட்சிகளின் வாக்கும் திசைகாட்டி, தொலைபேசி, சிலிண்டர், மொட்டு என்று பிரிந்துதான் கிடக்கிறது. ஆகவே நாற்பதாயிரம் அளவு வாக்கெடுக்கும் ஒரு பட்டியலே முதலிடத்தையும் போனசையும் தட்டிக்கொண்டு போக இடமுண்டு.

5 சதவீதம் எடுக்காத கட்சிக்குப் போட்டால் வாக்கு முழுக்க வீணா?
*ஓமந்தை*

மாவட்ட ஆசனத்துக்கு வீண், தேசியப்பட்டியலுக்கு வீணில்லை. 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மீதி 29 ஆசனங்கள் நாடு முழுவதும் ஒவ்வொரு கட்சிக்கும் விழுந்த மொத்த வாக்கின் விகிதப்படி பங்கிடப்படும். அங்கே மாவட்ட வெட்டுப்புள்ளியும் இல்லை, போனசும் இல்லை. 2020 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடெங்கும் 249,435 வாக்கெடுத்தும் ஒரு மாவட்டத்தில்கூட ஆசனம் எடுக்கவில்லை. தேசியப்பட்டியலில் ஒன்று கிடைத்தது, அதில்தான் ரணில் 2021 இல் நாடாளுமன்றம் போனார்.

ஆனால் வன்னியில் மட்டும் நிற்கும் ஒரு சுயேச்சைக் குழுவுக்கு இந்த வழியால் ஆறுதல் இல்லை. அந்தக் கணக்குக்கு வேண்டிய வாக்கு ஒரு மாவட்டத்துக்குள் கிடைக்காது. தேசியப்பட்டியலுக்கு யாரை அனுப்புவது என்பதும் கட்சியின் கையில். வேட்புமனுவோடு கொடுத்த பட்டியலிலிருந்தும் அனுப்பலாம், மாவட்டத்தில் நின்று தோற்றவரையும் அனுப்பலாம்.

ஏன் இத்தனை சுயேச்சைக் குழுக்கள்? சீட்டு ஒரு முழம் வருகிறது.
*மல்லாவி*

கட்டுப்பணம் மலிவு. சுயேச்சைக் குழு ஒரு வேட்பாளருக்கு 2,000 ரூபா கட்டினால் போதும். வன்னிக்கு ஒன்பது பேர், மொத்தம் 18,000 ரூபா. இன்றைய விலைவாசியில் அது ஒரு பெரிய தொகையே இல்லை. உண்மையாக வெல்ல நிற்பவர்களும் உண்டு. இன்னொரு பட்டியலின் வாக்கில் ஓர் ஆயிரத்தைப் பிரிக்கவென்றே நிறுத்தப்படும் குழுக்களும் உண்டு என்பது ஊரறிந்தது. மேலே உள்ள 1,113 என்ற எண்ணைப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும். நீண்ட சீட்டில் ஒரே மாதிரிப் பெயர்களும் சின்னங்களும் அடுத்தடுத்து வரும், அவசரப்பட்டு மேல் பெட்டிக்கோ கீழ்ப் பெட்டிக்கோ போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் வன்னிதான். ஆனால் வன்னி வேட்பாளர் ஒருவருக்கும் எங்கள் சீட்டில் வாக்களிக்க முடியாது என்கிறார்கள். ஏன்?
*கிளிநொச்சி*

நிலத்தால் வன்னி, தேர்தலால் யாழ்ப்பாணம். கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளில் ஒன்று. கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமானது 1984 இல், தேர்தல் மாவட்டம் அதற்கேற்ப மாற்றப்படவில்லை. நாட்டில் நிர்வாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. பூநகரி, பளைக்காரர்களுக்கும் இதே பதில். துணுக்காய், மாந்தை கிழக்கு முல்லைத்தீவு மாவட்டம், ஆகவே வன்னிச் சீட்டு.

யாழ்ப்பாணத்துக்கு 2020 இல் ஏழு ஆசனம், இம்முறை ஆறு. எனவே உங்கள் பட்டியல்களிலும் ஒன்பது பேர்தான். ஏ9 வீதியில் ஒட்டியிருக்கும் வன்னி வேட்பாளரின் சுவரொட்டியைப் பார்த்து எண்ணைப் பாடமாக்கிவிடாதீர்கள். உங்கள் சீட்டில் அந்த எண் வேறொருவருடையது.

முல்லைத்தீவுக்கென்று ஒரு எம்.பி. வர என்ன வழி?
*புதுக்குடியிருப்பு*

வன்னியில் பதிவான வாக்காளர் 306,081. வவுனியா 128,585, மன்னார் 90,607, முல்லைத்தீவு 86,889. மூன்று மாவட்டத்தவரும் ஒரே பட்டியலில் நின்று ஒருவரோடொருவர் விருப்பு வாக்குக்குப் போட்டியிடுகிறார்கள். கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்கள் விருப்பு வாக்கு அதிகம் எடுத்தவர்களுக்கே போகும். ஆகவே கட்சிக்கு மட்டும் போட்டுவிட்டு எண்களை வெறுமையாக விடுபவர்கள், யார் போவது என்ற முடிவை வவுனியாவுக்கும் மன்னாருக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் வேட்பாளரை அனுப்பத்தான் வேண்டுமென்றால், அவருக்கு மட்டும் புள்ளடி போடுவது மூவருக்குப் போடுவதைவிடப் பலம். மற்ற இரண்டு புள்ளடியும் அதே பட்டியலில் அவரோடு போட்டியிடுபவர்களுக்குத்தான் போகின்றன. இடையில் ஆசனம் வெறுமையானாலும் அடுத்த நிலையில் விருப்பு வாக்கு எடுத்தவரே உள்ளே வருவார்.

வாக்காளர் அட்டை வரவில்லை. அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது.
*மடு*

அட்டை வராதது பெரிய விடயமில்லை. பெயர் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) இருந்தால் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். நவம்பர் முதல் கிழமைக்குள் வராவிட்டால் உங்கள் பகுதித் தபாற்கந்தோரில் போய்க் கேளுங்கள்.

அடையாள அட்டைதான் கட்டாயம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, முதியோர் அட்டை, மதகுருமார் அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவும் இல்லையென்றால் விதானையாரிடம் (கிராம அலுவலர்) புகைப்படத்தோடு போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதைத் தேர்தல் அலுவலகம் தரும். ஒரு கிழமைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள், முதல்நாள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஓடிப் பயனில்லை. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டும் நிழற்பிரதியும் கைத்தொலைபேசியில் உள்ள படமும் எடுபடாது.

லண்டனில் இருக்கும் மகனுக்கும் அட்டை வந்திருக்கிறது. தம்பி கொண்டுபோய்ப் போடலாமா?
*வவுனியா*

கூடாது. அது ஆள்மாறாட்டம், குற்றம். வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்கும் முறை இலங்கையில் இல்லை. அட்டையைத் தபாற்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை இடாப்புத் திருத்தப் படிவம் வரும்போது வீட்டில் இல்லாதவரின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. நான் கூடப் போய்ப் போட்டுக்கொடுக்கலாமா?
*சிலாவத்துறை*

போகலாம், ஆனால் வெறுங்கையோடு அல்ல. உதவியாளரை அழைத்துப் போவதற்கான தகைமைச் சான்றிதழ் படிவம் விதானையாரிடம் இருக்கிறது. அதில் விதானையாரும் அரச வைத்தியரும் ஒப்பமிட வேண்டும். கிராமத்து வைத்தியசாலைக்கு வைத்தியர் வரும் நாளைப் பார்த்து இந்தக் கிழமையே முடியுங்கள். உதவியாளர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. சான்றிதழ் இல்லாவிட்டால், அம்மா சொல்லும் இடத்தில் வாக்களிப்பு நிலையப் பொறுப்பதிகாரி இன்னொரு அலுவலர் முன்னிலையில் புள்ளடி போட்டுக்கொடுப்பார்.

கொழும்பில் கடையில் வேலை. முதலாளி லீவு தர மாட்டேன் என்கிறார்.
*நெடுங்கேணியைச் சேர்ந்த இளைஞர்*

தந்தே ஆக வேண்டும். தூரத்தைப் பொறுத்துச் சம்பளத்தோடு விடுமுறை: 40 கிலோமீற்றர் வரை அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 க்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து வவுனியாவே 250 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே உங்களுக்கு இரண்டு நாள். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பௌர்ணமி விடுமுறை, பேருந்துகள் நெருக்கும். 13 ஆம் திகதி இரவு புறப்பட்டால் மாரி மழையில் வீதி தடைப்பட்டாலும் நேரத்துக்கு வந்துவிடலாம். வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை மட்டும்.

பிழையாகப் புள்ளடி விழுந்துவிட்டால் வெட்டித் திருத்தலாமா?
*முருங்கன்*

வெட்ட வேண்டாம், வெட்டியதே இரண்டாவது அடையாளமாகத் தெரியும். பெட்டியில் போடுவதற்கு முன் சீட்டைப் பொறுப்பதிகாரியிடம் திருப்பிக் கொடுத்து, தவறுதலாகப் பழுதாகிவிட்டது என்று சொல்லுங்கள். பழைய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று தருவார். பெட்டிக்குள் விழுந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.